பதினொரு வரிசைகள்

எங்கள் கல்லூரியின் விளையாட்டுக் குழுவில் தமிழ்த்துறையின் சார்பாக நான் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சந்தேகமாகப் பார்க்கிறார்கள். “தமிழய்யாவுக்கு கிரவுண்டுல என்ன வேலை?” என்று எங்கள் உடற்கல்வி இயக்குநரே ஒருமுறை கேட்டதுண்டு. நான் பந்தை உதைத்தவன் அல்லன். பார்த்தவனும் அதைப் பற்றி வாசித்தவனும் மட்டுமே. ஆயினும் வாசித்தறிந்த ஓர் ஆட்டப்பருவம், பல ஆண்டுகள் கழித்து என் வாழ்க்கையின் நடுவே வந்து நின்று ஒரு கேள்வியைக் கேட்டது. அன்று நான் சொன்ன பதில் சரியானதல்ல. இக்கட்டுரை அதைப் பற்றியது.

1995ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மாலையில் கிளை நூலகத்திற்கு நான் பாடம் படிக்கவே போகிறேன் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆங்கில நாளேடு ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்புச் சீருடை அணிந்த ஓர் ஆட்டக்காரன், விளம்பரப் பலகைக்கு மேலாக, நிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அந்தரத்தில் இருந்தான். அவன் கால் பார்வையாளன் ஒருவனின் மார்பை நோக்கி நீண்டிருந்தது. சுற்றியிருந்தவர்களின் வாய்கள் திறந்தபடி இருந்தன. அவன் எரிக் கன்டோனா என்றும், மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக ஆடும் பிரெஞ்சுக்காரன் என்றும் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கால்பந்தை விட்டுவிட்டு ஆளை உதைப்பவனைப் பற்றி அத்தனை பெரிய செய்தி எதற்கு என்று முதலில் தோன்றியது. அன்றிலிருந்து அந்தப் பருவம் முடியும்வரை, கிடைத்த தாளை எல்லாம் தேடிப் படித்தேன். விட்டுப்போனவற்றைப் பின்னாளில் புத்தகங்களிலும் இணையத்திலும் நிரப்பிக்கொண்டேன்.

*

1994-95 பருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த உதையிலிருந்தே தொடங்குவார்கள். எனக்கு அதற்குச் சற்று முன்பிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் கடைசி ஒருவர், அன்றைய காயங்களின் விளைவாகவே, 2021இல் காலமானார். மைதானத்துக்குள் ரசிகர்கள் இறங்கிவிடக்கூடாது என்பதற்காக எழுப்பப்பட்டிருந்த இரும்பு வேலிகளின்மீது நசுங்கிச் செத்தவர்கள் அவர்கள். அதன்பின் நீதிபதி டெய்லர் அளித்த அறிக்கையை ஒட்டி வேலிகள் அகற்றப்பட்டன. நின்று பார்க்கும் படிக்கட்டுகள் இடிக்கப்பட்டு, மேல்மட்ட அணிகளின் மைதானங்கள் முழுக்க இருக்கைகள் கொண்டவையாக மாற வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. அந்தக் கெடு 1994-95 பருவத்தின் தொடக்கத்தில் முடிந்தது. ஆக, ஆட்டக்காரனுக்கும் பார்வையாளனுக்கும் நடுவே இடுப்பளவு விளம்பரப் பலகை மட்டும் இருக்கும் காலம் அப்போதுதான் முழுமையாகப் பிறந்திருந்தது. ரசிகனை விலங்கைப் போலக் கூண்டில் அடைக்காமல் மனிதனாக நடத்துவோம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அது நல்ல நம்பிக்கை. அந்தப் பருவத்தில் அது கடுமையாகச் சோதிக்கப்பட்டது.

ப்ரீமியர் லீக் தொடங்கி அது மூன்றாம் ஆண்டு. முதலிரண்டு ஆண்டுகளும் மான்செஸ்டர் யுனைடெட்டே வென்றிருந்தது. தொலைக்காட்சிப் பணம் வரத்தொடங்கியிருந்தது. பணம் வந்த வீட்டில் பழைய கணக்குகளும் வெளியே வரும் அல்லவா? பருவம் தொடங்குமுன்பே டாட்டன்ஹாம் அணியின் பழைய கணக்குகளில் முறைகேடு இருந்ததாகச் சொல்லிக் கால்பந்துச் சங்கம் 12 புள்ளிகளைக் கழித்தது, எஃப்.ஏ. கோப்பையிலிருந்து விலக்கியது, 6 லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் புள்ளிகள் 6 ஆகக் குறைந்தன, அபராதம் 15 லட்சமாகக் கூடியது. பிறகு நடுவர் மன்றத்தின் முன் வழக்கு போய், புள்ளிக் குறைப்பும் கோப்பைத் தடையும் நீக்கப்பட்டன. ஒரே குற்றத்துக்கு ஆறு மாதங்களில் மூன்று தண்டனைகள். தண்டனை என்பது குற்றத்தின் எடையைப் பொறுத்தது என்று நம்பிக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையனுக்கு அது ஒரு பாடமாக இருந்தது.

அதே டாட்டன்ஹாமுக்கு அந்தக் கோடையில் ஜெர்மனியின் யூர்கன் கிளின்ஸ்மன் வந்து சேர்ந்தார். பொய்யாகச் சுருண்டு விழுந்து பெனால்டி வாங்குகிறவர் என்று இங்கிலாந்து அவரைப் பழித்துக்கொண்டிருந்தது. முதல் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே, லண்டனில் நீரில் பாய்வதற்குக் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றனவா என்று கேட்டு அனைவரையும் சிரிக்கவைத்தார். முதல் ஆட்டத்தில் கோல் அடித்ததும் புல்தரையில் தலைகுப்புறப் பாய்ந்து வழுக்கிக்கொண்டு போனார். சக ஆட்டக்காரர்களும் கூடப் பாய்ந்தார்கள். பருவத்தின் முடிவில் கால்பந்து எழுத்தாளர்கள் அவரையே ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏளனத்தை ஏளனத்தால் கழுவிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உலகக் கோப்பையை ஏற்கெனவே வென்றிருப்பவன் தன்னைத்தானே கேலிசெய்துகொள்ள முடியும். வேறெதுவும் கையில் இல்லாதவனுக்குத் தன்மானம் ஒன்றுதான் கையிருப்பு. அதை வைத்து அவனால் விளையாட முடியாது.

நவம்பரில் ஆர்சனலின் பால் மெர்சன், தான் குடிக்கும் சூதாட்டத்துக்கும் கொக்கெய்னுக்கும் அடிமையாகிவிட்டதைத் தானே வெளியே சொன்னார். கால்பந்துச் சங்கம் அவரைத் தண்டிப்பதற்கு மாறாகச் சிகிச்சைக்கு அனுப்பியது. சில மாதங்களில் அவர் மீண்டும் ஆடவந்தார். அதே நவம்பரில், லிவர்பூலின் புகழ்பெற்ற கோல்காப்பாளராக இருந்து அப்போது சவுதாம்ப்டனுக்கு ஆடிக்கொண்டிருந்த ப்ரூஸ் க்ரோபலார், பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று ‘தி சன்’ நாளிதழ் குற்றஞ்சாட்டியது. 1997இல் இருமுறை விசாரணை நடந்து அவர் விடுதலையானார். அவர் தொடுத்த அவதூறு வழக்கில் நடுவர் குழு 85,000 பவுண்டு இழப்பீடு தந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. இறுதியில் 2002இல் பிரபுக்கள் சபை வெற்றியை அவருக்கே திருப்பித் தந்து, இழப்பீட்டை மட்டும் ஒரு பவுண்டாக நிர்ணயித்தது. ஒரு பவுண்டு! ஒரு மனிதனின் பெயருக்கு விலை குறித்த தீர்ப்புகளில் இதைப் போலக் கசப்பான சிக்கனம் வேறெதிலும் நான் கண்டதில்லை.

*

இனி அந்த இரவு. 1995 ஜனவரி 25, புதன்கிழமை. தெற்கு லண்டனின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம். கிரிஸ்டல் பேலஸுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஆட்டம். முதல் பாதி முழுக்க கன்டோனாவை நிழலைப் போல ஒட்டித் தடுத்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஷாவை, இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில், கன்டோனா எட்டி உதைத்தார். நடுவர் ஆலன் வில்கி சிவப்பு அட்டை காட்டினார். அதில் எந்தச் சர்ச்சையும் இல்லை. கன்டோனா கழுத்துப்பட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அணியின் உடைப்பொறுப்பாளர் பக்கத்தில் வர, எல்லைக்கோட்டை ஒட்டி நடந்து வெளியேறிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பார்வையாளர் தம் இருக்கையை விட்டு எழுந்து, பதினொரு வரிசைகளைக் கடந்து, கீழே ஓடிவந்தார்.

எனக்கு இந்தப் பதினொரு வரிசைகள் முக்கியமானவை. உதையைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த இறக்கத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கத்துவது கூட்டத்தின் குணம். அதில் தனி மனிதன் இல்லை; ஒரு முழக்கம் மட்டுமே இருக்கிறது. ஆனால் எழுந்து, மற்றவர்களை விலக்கிக்கொண்டு, படிப்படியாக இறங்கி, ஒருவன் முகத்துக்கு நேரே போய் நின்று சொல்ல வேண்டும் என்றால், அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. நடுவில் எந்த வரிசையிலும் அவர் நிற்கவில்லை.

அவர் என்ன சொன்னார்? வசையாக எதுவும் சொல்லவில்லை, சீக்கிரமே குளிக்கப்போகிறீர் என்று கிண்டலடித்ததுதான் என்பது அவர் தரப்பு. கன்டோனா பிரெஞ்சுக்காரர் என்பதைச் சொல்லி அருவருப்பான வசையைப் பொழிந்தார் என்பது மறுதரப்பு. சொல் காற்றில் போய்விட்டது. உதை படத்தில் நின்றுவிட்டது. மறுநாள் உலகத்தின் முன் இருந்த சான்று படம் ஒன்றே.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை. மான்செஸ்டர் யுனைடெட் அவரைப் பருவம் முடியும்வரை நிறுத்திவைத்து 20,000 பவுண்டு அபராதம் விதித்தது. கால்பந்துச் சங்கம் தடையைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டி இன்னும் 10,000 பவுண்டு விதித்தது. பிரான்ஸ் அணியின் தலைமைப் பொறுப்பு பறிபோனது. அந்நாட்டுக்காக அவர் பிறகு ஆடவே இல்லை. மார்ச் 23 அன்று கிராய்டன் நீதிமன்றம் அவருக்கு இரண்டு வாரச் சிறைத்தண்டனை விதித்தது. இளைஞர்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருப்பவர் என்பதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மார்ச் 31 அன்று மேல்முறையீட்டில் அது 120 மணிநேரச் சமூகப் பணியாக மாற்றப்பட்டது. அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பில் கன்டோனா, இழுவைப் படகைக் கடற்பறவைகள் தொடர்வது மீன்கள் வீசப்படும் என்ற எதிர்பார்ப்பால்தான் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதை உளறல் என்று சிரித்தார்கள். உள்ளுறை உவமத்தோடு புழங்கிய நமக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கடலும் பறவையும் மீனும் கருப்பொருள்கள். சொல்லப்படாத மனிதர்கள் எதிரே குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பார்வையாளரும் தப்பிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மிரட்டும் சொற்களுக்காக மறு ஆண்டு அவருக்கு 500 பவுண்டு அபராதமும் ஓராண்டு மைதானத் தடையும் கிடைத்தன. நீதிமன்றத்திலேயே அரசு வழக்கறிஞர்மீது பாய்ந்ததற்காக ஏழு நாள் சிறையும். ஆனால் அது ஓராண்டுக்கும் மேல் கழித்து வந்தது. அதற்குள் ஊர் வேறு கதைக்குப் போய்விட்டிருந்தது.

அன்றைய ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கடைசியில் சமன்செய்த கோலை அடித்தவர் பேலஸின் கேரத் சவுத்கேட். பின்னாளில் இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக எட்டு ஆண்டுகள் இருந்தவர். அந்த இரவில் அவர் கோல் அடித்தார் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

*

கூட்டம் என்பது எப்போதும் பதினொரு வரிசை இறங்கிவருகிற கூட்டமல்ல என்பதையும் அதே ஜனவரி காட்டியது. நியூகாசில் அணி தன் ஒப்பற்ற கோலடிப்பாளரான ஆண்டி கோலை, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 60 லட்சம் பவுண்டும் கீத் கில்லெஸ்பி என்ற இளம் ஆட்டக்காரரும் கைமாறாகத் திடீரென்று விற்றுவிட்டது. கொதித்துப்போன ரசிகர்கள் மைதான வாசலில் கூடினார்கள். பயிற்சியாளர் கெவின் கீகன் பின்வாசல் வழியே போய்விடவில்லை. படிக்கட்டில் வந்து நின்று, ஏன் விற்றேன் என்று அவர்களிடமே விளக்கினார். அவர்கள் கேள்வி கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். தவறாக இருந்தால் பொறுப்பு என்னுடையது என்றார். நின்று பேசுகிறவனிடம் கூட்டமும் நின்று பேசுகிறது.

பிப்ரவரியில் ஆர்சனல் அணி ஜார்ஜ் கிரேயமை வேலையிலிருந்து நீக்கியது. இரண்டு முறை லீக் பட்டம் வென்று தந்தவர். ஆட்டக்காரர்களை வாங்கிய பேரங்களில் நார்வே நாட்டு முகவர் ஒருவரிடமிருந்து 4,25,000 பவுண்டு அவருக்குப் போயிருந்தது. கேட்காமலே வந்த அன்பளிப்பு என்றார் அவர். பணத்தை வட்டியோடு திருப்பிக்கொடுத்தார். கால்பந்துச் சங்கம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. மார்ச் 4 அன்று இப்ஸ்விச் அணியை யுனைடெட் 9-0 என்று நொறுக்கியது. கோல் மட்டும் ஐந்து அடித்தார்.

ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் விதி அதே இரு அணிகளை மீண்டும் எதிரெதிரே நிறுத்தியது. ஆட்டத்துக்கு முன் ரசிகர்களுக்குள் நடந்த மோதலில் பேலஸ் ரசிகர் ஒருவர் இறந்துபோனார். ஆட்டம் 2-2. மூன்று நாள் கழித்து மறு ஆட்டம். பேலஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை; மைதானம் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அமைதி காக்கும்படி வேண்டிக்கொண்ட பிறகு தொடங்கிய அந்த ஆட்டத்தில்தான், யுனைடெட்டின் ராய் கீன், கீழே விழுந்து கிடந்த சவுத்கேட்டை மிதித்தார். ஜனவரியில் விழுந்த ஓர் உதையின் அலை ஏப்ரலிலும் ஓயவில்லை.

மே 14, கடைசி நாள். எஃகு வணிகத்தில் சம்பாதித்ததைத் தன் சொந்த ஊர் அணியில் கொட்டியவர் ஜாக் வாக்கர். அவருடைய பிளாக்பர்ன் ரோவர்ஸ், 1914க்குப் பிறகு பட்டத்தையே பார்த்ததில்லை. அன்று லிவர்பூலில் ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் அவர்கள் 2-1 என்று தோற்றார்கள். ஆனால் லண்டனில் வெஸ்ட்ஹாமின் கோல்காப்பாளர் மிக்லோஷ்கோ யுனைடெட்டை மீண்டும் மீண்டும் தடுத்து நிறுத்தி 1-1 என்று முடித்துவைத்தார். 89 புள்ளிகள், 88 புள்ளிகள். தோற்றவர்கள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். ஒரு வாரம் கழித்து யுனைடெட் கோப்பை இறுதியிலும் எவர்ட்டனிடம் தோற்றது. கன்டோனா இருந்திருந்தால் அந்த ஒரு புள்ளி வந்திருக்காதா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளாக மான்செஸ்டரில் கேட்கப்பட்டுவருகிறது. கிரிஸ்டல் பேலஸோ, 22 அணிகளை 20 ஆகக் குறைப்பதற்காக அந்த ஆண்டு மட்டும் நான்கு அணிகள் இறக்கப்பட்டதால், 45 புள்ளிகளோடு கீழ்மட்டத்துக்குப் போனது.

பிளாக்பர்னின் வெற்றியும் நிலைக்கவில்லை. 34 கோல்கள் அடித்த ஆலன் ஷியரர் 1996இல் போய்விட்டார். 1999இல் அணியே கீழிறங்கியது. மறு ஆண்டு வாக்கர் காலமானார். 2010இல் புனேயைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று அணியை வாங்கியபோது, நம் நாளேடுகளில் பிளாக்பர்னின் பெயரை மீண்டும் பார்த்தேன்.

*

இத்தனையையும் நான் பல மேசைகளில் பேசியிருக்கிறேன். தேநீர்க் கடையில், ஆசிரியர் அறையில், இலக்கியக் கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் இரவுகளில். சொல்லுக்குத் தண்டனை இல்லை, அடிக்கு மட்டும் தண்டனை என்றால் அந்த நீதி குருடு என்று கன்டோனாவுக்காக வாதிட்டிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் துறைகளுக்கிடையேயான கால்பந்துப் போட்டி நடந்தது. எங்கள் துறை அணியின் கோல்காப்பாளன் இரண்டாம் ஆண்டு மாணவன். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவனுடைய தாய் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாசலில் அமர்ந்து காசு வாங்குபவர். இது எல்லோருக்கும் தெரியும். அன்று எதிர்த்துறை மாணவர்கள் சிலர் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பந்து அவனை நோக்கி வரும்போதெல்லாம் ஒருவன் உரக்கக் கத்தினான்: “ரெண்டு ரூவா குடுத்துட்டு உள்ள போ!” கூட்டம் சிரித்தது. நானும் அங்கேதான் இருந்தேன். முதல் முறை எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது. ஏழெட்டு முறை கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. கத்தியவன் கடைசியில் சுண்ணாம்புக் கோடு வரைக்கும் வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் காதருகே அதைச் சொன்னான். கோல்காப்பாளன் திரும்பி ஒரே அடி அடித்தான். கத்தியவனுக்கு முன்பல் உடைந்து, உதடு கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தம்.

மூவர் கொண்ட விசாரணைக் குழுவில் நான் ஒருவன். மேசைமேல் மருத்துவரின் சான்றிதழ் இருந்தது. யாரோ கைப்பேசியில் எடுத்த படம் இருந்தது. அந்தச் சொற்கள் எந்தத் தாளிலும் இல்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டதை ஒருவரும் எழுதித்தரவில்லை. “அப்படியே சொல்லியிருந்தாலும் ரெண்டு ரூவா குடுங்கறதுல என்ன சார் தப்பு? கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லையே?” என்றார் குழுவின் தலைவர். எழுதிப்பார்த்தால் உண்மையிலேயே அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. நான் கேட்டேன், எனக்குப் புரிந்தது, அதற்கு நானே சாட்சி என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏழெட்டு முறை கேட்டுக்கொண்டு ஏன் சும்மா நின்றீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விதிப் புத்தகத்தில் அடிதடிக்கு ஒரு வரி இருந்தது. பதினைந்து நாள் இடைநீக்கம். கையெழுத்துப் போட்டேன்.

அடித்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. உடைந்த பல் மீண்டும் முளைக்காது. அந்தப் பையனும் வலியில் அழுதான். ஆனால் இருவர் செய்த ஒரு காரியத்தில் ஒருவனை மட்டுமே நாங்கள் தாளில் ஏற்றினோம். பதினைந்து நாளில் வருகைப்பதிவு குறைந்தது. அந்தப் பருவத் தேர்வை அவன் எழுத முடியவில்லை. அப்புறம் வரவே இல்லை. நான் வகுப்பில் இருந்த ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மறு ஆண்டு முதுகலை வகுப்பில் நடத்தினேன். வெகுளி பிறக்கும் நான்கு களங்களை ஆசிரியர் சொல்கிறார். அவற்றுள் ஒன்று அலைத்தல். அச்சொல்லுக்கு வைதலையும் அடித்தலையும் ஒருசேரப் பொருளாகக் கொள்ளும் உரை ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாக அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மேலே போக முடியாமல் சற்று நேரம் நின்றுவிட்டேன். எங்கள் விதிப் புத்தகம் இரண்டாகப் பிரித்து ஒன்றை விட்டுவிட்டதை, அந்த உரைகாரர் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்தார்.

கன்டோனாவின் கதையில் நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. 1995 ஆகஸ்டில், தடை முடியாத நிலையில், இங்கிலாந்தே வேண்டாம் என்று அவர் பாரீசுக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் விமானம் ஏறி அங்கே போனார். செய்தியாளர் கண்ணில் படாமலிருக்க ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சந்துபொந்தெல்லாம் சுற்றி, ஓர் உணவகத்தில் அவரைப் பார்த்துப் பேசி மனத்தை மாற்றினார். அக்டோபர் 1 அன்று கன்டோனா திரும்பி வந்து லிவர்பூலுக்கு எதிராக பெனால்டி ஒன்றை கோலாக்கினார். அந்தப் பருவத்தில் யுனைடெட் லீக்கையும் கோப்பையையும் வென்றது. கோப்பை இறுதியின் ஒரே கோல் அவருடையது. பின்னாளில் அவர் அந்த உதைக்காக வருந்தவில்லை என்றே பேட்டிகளில் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது கன்டோனா அல்ல, அந்த மோட்டார் சைக்கிள். எங்கள் கோல்காப்பாளனின் தாய் உட்கார்ந்திருந்த இடம் என் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். தினமும் அதே நிலையத்தில்தான் நான் பேருந்து ஏறினேன். அந்தப் பக்கம் போகாமல் மறுகோடியில் நின்று ஏறினேன்.

சில ஆண்டுகள் கழித்து விளையாட்டுக் குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பார்வையாளர் ஆட்டக்காரரைச் சொல்லால் இழிவுசெய்தால் அதுவும் குற்றம், கேட்ட ஆசிரியர் தாமே புகார் எழுத வேண்டும் என்று ஒரு வரி. எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. இதுவரை ஒருமுறையும் அது பயன்பட்டதில்லை. ஆட்டம் நடக்கும்போது நான் இப்போது கோலுக்குப் பின்னால் நிற்கிறேன். “தமிழய்யாவுக்கு கிரவுண்டுல என்ன வேலை?” என்பதற்கு என்னிடம் உள்ள விடை இவ்வளவுதான்.

சென்ற ஆண்டு மழை நாளொன்றில் பேருந்து நிலையத்தில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தபோது, அந்த வாசலுக்குப் போனேன். கட்டணம் ஐந்து ரூபாயாகியிருந்தது. அந்த அம்மாதான் இருந்தார். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். மீதியைத் தேடிக்கொண்டிருந்தபோது, “பெரிய பையன் என்னம்மா செய்றாரு?” என்று கேட்டேன்.

“திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். கல்யாணம் ஆயிருச்சு.” நிமிர்ந்து பார்த்தார். “நீங்க யாரு சார்?”

“காலேஜ்ல வேலை பாக்குறேன்மா.”

“ஓ” என்றார். ஐந்து ரூபாய் நாணயத்தை என் கையில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவரிடம் கையை நீட்டினார்.